வோல்வோ 240 வேகன், 1/24 அளவில்: இரண்டு கதவு கிட்டை வைத்துச் செய்ய முடியுமா?

2 மார்ச் · கேள்வி

வீட்டில் நெடுநாள் ஓடிய வோல்வோ 240 ஸ்டேஷன் வேகனை 1/24-ல் செய்ய வேண்டும். வண்டி இப்போது இல்லை, போட்டோக்கள் மட்டும் உண்டு. கையில் இருப்பது பீமேக்ஸ் கம்பெனி போட்ட 240 டர்போ ரேஸ் கார் கிட். வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடைத்தூரம்) ஒன்றுதானே? கூரையை வெட்டி எடுத்துவிட்டு, ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் பின்பக்கத்தை நீளப் பெட்டியாகக் கட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறேன். சரியா?

2 மார்ச் · பதில்

வீல்பேஸ் வரை சரி. 2640 மி.மீ. இரண்டு கதவு 242, நான்கு கதவு 244, வேகன் 245 மூன்றுக்கும் அதே அளவுதான். 24-ஆல் வகுத்தால் 110 மி.மீ., பின்னமே இல்லை. பானட், முன் ஃபெண்டர், முன் கண்ணாடிச் சட்டம் எல்லாம் அப்படியே உதவும்.

இடிப்பது கதவில். 1985-ல் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் வாங்கிய அந்த ரேஸ் கார் இரண்டு கதவு வண்டி. கதவு நீளம். வேகனில் முன் கதவு குட்டை, பி-பில்லர் (முன், பின் கதவுகளுக்கு நடுவில் நிற்கும் தூண்) நன்றாக முன்னால் வந்துவிடும், பின் கதவின் பின்கோடு சக்கர வளைவை ஒட்டி வளைந்து இறங்கும். கூரையை மட்டும் மாற்றிவிட்டுக் கதவுக்கோட்டை விட்டுவைத்தால், அந்த வண்டியில் ஏறி இறங்கியவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஏன் தப்பாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் "நம்ம வண்டி மாதிரி இல்லையே" என்பார்கள்.

ஆக வேலை மூன்று. இடுப்புக்கோட்டுக்கு (ஜன்னல்களுக்குக் கீழே ஓடும் கோடு) மேலே எல்லாமே புதிது. பக்கவாட்டில் பழைய கதவுக்கோட்டை அடைத்துப் புதுக்கோடு கீறுவது. உள்ளே, பின் சீட்டுக்குப் பின்னால், சாமான் வைக்கிற பகுதியைத் தரையிலிருந்து கட்டுவது. மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேகனில் பாதி உடம்பு கண்ணாடி. உள்ளே வெறுமையாக இருந்தால் வெளியே செய்த உழைப்பு எடுபடாது.

3 மார்ச் · அளவு எடுப்பது

ஐரோப்பிய பம்பருடன் நீளம் சுமார் 4790 மி.மீ., அகலம் 1710, உயரம் 1460. மாடலில் 199.6, 71.3, 60.8. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் பம்பர் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மொத்த நீளம் கூடும். அதனால் மொத்த நீளத்தை வைத்து எதையும் கணக்கிட வேண்டாம். வீல்பேஸ்தான் ஆணி.

பின் சக்கர மையத்திலிருந்து டெயில்கேட் (பின்னால் தூக்கித் திறக்கும் கதவு) வரை எவ்வளவு, பின் பக்கக் கண்ணாடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, டி-பில்லர் (கடைசித் தூண்) எவ்வளவு அகலம் என்பதெல்லாம் கையேடுகளில் இருக்காது. போட்டோவிலிருந்துதான் எடுக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு சக்கரங்களின் மையத்துக்கும் இடையே 1320 பிக்சல் வரும்படி படத்தைச் சுருக்கியோ பெரிதாக்கியோ கொள்ளுங்கள். அப்போது ஒரு பிக்சல் அசல் வண்டியில் 2 மி.மீ. பன்னிரண்டு பிக்சல் சேர்ந்தால் மாடலில் 1 மி.மீ. மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

ஆனால் எந்தப் போட்டோ என்பது முக்கியம். குடும்ப ஆல்பத்தில் இருப்பதெல்லாம் கிட்டத்தில் நின்று எடுத்தவை, முன்னால் ஆட்களும் நிற்பார்கள். இந்த வண்டியின் பக்கம் மேலே போகப்போக உள்ளே சாயும். கூரை விளிம்பு கதவுத் தகட்டைவிட 20 செ.மீ. உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த விளிம்பு 6 சதவீதம் சிறுத்துத் தெரியும். 20 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் அதே பிழை 1 சதவீதம். கிட்டத்துப் படத்தை நம்பிக் கூரையை வெட்டினால் குட்டைக் கூரைதான் வரும்.

எனவே அளவுக்கு, அதே மாடல் வண்டி வேறொன்றைத் தூரத்திலிருந்து எடுத்த படம். ஆல்பத்துப் படங்கள் உங்கள் வண்டியின் அடையாளங்களுக்கு மட்டும்.

3 மார்ச் · சற்று நேரம் கழித்து

நம்பர் பிளேட்டையும் அளவுகோலாக வைக்கலாம். ஐரோப்பிய நீளப் பிளேட் 520×110 மி.மீ., மாடலில் 21.7×4.6. அமெரிக்கப் பிளேட் 12×6 அங்குலம், மாடலில் 12.7×6.35. பின்பக்கப் படத்தில் டெயில்கேட் அகலம், விளக்குகளின் உயரம் எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் பிளேட் டெயில்கேட்டின் தளத்திலேயே இருக்கிறது.

5 மார்ச் · கேட்டவர்

எங்கள் வண்டி எந்த வருடம் என்பதில் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? அமெரிக்கச் சந்தை வண்டி.

5 மார்ச் · பதில்

240 தொடர் 1974-ல் தொடங்கி 1993-ல் நின்றது. அமெரிக்க வண்டியென்றால் முன் விளக்கைப் பாருங்கள். 1981 முதல் 1985 மாடல் வரை தனித்தனிச் செவ்வக சீல்டு பீம் (பல்பும் கண்ணாடியும் ஒன்றாக அடைத்த விளக்கு), அதற்குப் பிறகு ஒரே அகலக் கண்ணாடி. பின்கண்ணாடிக்கு உள்ளே நடுவில் மூன்றாவது பிரேக் விளக்கு இருந்தால் 1986 அல்லது அதற்குப் பின். அந்த மாடல் வருடத்திலிருந்துதான் அமெரிக்காவில் கார்களுக்கு அது கட்டாயமானது. இந்த இரண்டையும் பார்த்தாலே வீட்டுச் சண்டை பாதி தீரும்.

9 மார்ச் · வெட்டுவது

ரேஸர் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்னால், இரண்டு பக்கத்தையும் இணைத்து உள்ளே 3 மி.மீ. சதுர ஸ்டைரீன் கட்டை இரண்டு ஒட்டுங்கள். ஒன்று முன் கதவுக்கு நடுவில், இன்னொன்று பின் சக்கரத்துக்குப் பின்னால். கூரை போனதும் பாடி வெறும் தொட்டி. பக்கங்கள் தானாக வெளியே விரியும், 1 மி.மீ. விரிந்தாலும் பிறகு புதுக்கூரை உட்காராது. இந்தக் கட்டைகள் உள்பகுதி வேலை வரும்வரை இருக்கட்டும்.

வெட்டும் இடம்: முன் கண்ணாடியின் மேல்சட்டத்துக்கு 2 மி.மீ. பின்னால் கூரையை. பிறகு இடுப்புக்கோட்டுக்கு அரை மி.மீ. மேலே வைத்து பி-பில்லர், சி-பில்லர், பூட் மூடி எல்லாவற்றையும். அந்த அரை மி.மீட்டரைப் பிறகு ராவி எடுக்கலாம். கீழே வெட்டிவிட்டால் இடுப்புக்கோட்டையே புதிதாகக் கட்ட வேண்டிவரும். ஏ-பில்லரை (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) தொடாதீர்கள், அதன் சாய்வைக் கையால் மறுபடி கொண்டுவருவது கடினம்.

மேல் பக்கச் சுவர்கள் 1 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில். இரண்டு தகட்டையும் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி ஒன்றாகவே வெட்டுங்கள், அப்போதுதான் இடமும் வலமும் ஒன்றாக இருக்கும். ஜன்னல் மூலைகளில் முதலில் 1.5 மி.மீ. துளை போட்டுவிட்டு, துளையிலிருந்து துளைக்குக் கோடு கீறி உடைத்தால் மூலை வளைவு தானாக வந்துவிடும். சதுரமாக வெட்டிவிட்டு அரத்தால் வளைக்கப் பார்த்தால் நான்கு மூலையும் நான்கு விதமாக இருக்கும்.

இந்த வண்டியின் குணமே அந்த நேர்க்கோடுதான். இடுப்புக்கோடு முன் கதவிலிருந்து டெயில்கேட் வரை அலையாமல் ஓடும். பாடியைத் தட்டையான கண்ணாடிப் பலகையில் பொருத்தி, உயரக் கோல் வைத்து இடுப்புக்கோட்டை ஆறேழு இடத்தில் சரிபாருங்கள். பின்பக்கம் 0.5 மி.மீ. தூக்கினாலும் தெரியும்.

10 மார்ச் · கூரை

ஒற்றை 1 மி.மீ. தகட்டை வளைத்து ஒட்டினால் அது எப்போதும் நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் ஓரம் விரியும். அதற்குப் பதில் 0.5 மி.மீ. தகடு இரண்டு. குறுக்கே நான்கு வளைவுச் சட்டம் வைத்து, முதல் தகட்டை அதன்மேல் டேப் போட்டு இறுக்கி, டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் (நீர்த்த பிளாஸ்டிக் பசை) விட்டு ஒட்டி, அதன்மேல் இரண்டாவது தகட்டை ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். இரண்டு அடுக்கும் வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்வதால் வளைவு நிற்கும். இரண்டாவது அடுக்குக்குக் கீழே சிமெண்ட் ஆவி சிக்காமலிருக்க, முதல் தகட்டில் ஆங்காங்கே 1 மி.மீ. துளை போட்டு வைக்கவும். இல்லையென்றால் நடுவில் தகடு இளகிக் குழி விழும்.

10 மார்ச் · டி-பில்லர், டெயில்கேட்

டி-பில்லரைத் தகட்டில் மடிக்க முயல வேண்டாம். 1 மி.மீ. துண்டுகளை நான்கைந்து அடுக்கி ஒட்டிக் கட்டையாக்கி, காய்ந்ததும் ராவி வடிவம் எடுங்கள். டெயில்கேட் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், ஆனால் முழுச் செங்குத்து அல்ல. கண்ணாடிப் பகுதி சற்று முன்னால் சாயும், கீழ்த்தகடு வேறு கோணம். அந்தக் கோணம் இரண்டையும் தூரப் படத்திலிருந்து கோணமானியால் எடுத்து, அட்டையில் வெட்டி, மாடலோடு வைத்துப் பார்த்துக்கொண்டே ராவுங்கள். முழு வேலையிலும் நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. சாய்வு கூடினால் வேறு கம்பெனி வண்டி, குறைந்தால் டெலிவரி வேன்.

14 மார்ச் · இன்னொரு பில்டர்

இவ்வளவு வெட்டுவதற்குப் பதில் மேல்பாதியை ரெசின் பிரிண்டரில் எடுத்துவிடலாமே? சுவர்த் தடிமன் 1.2 மி.மீ., அடுக்கு 0.05 மி.மீ. வைத்து, 40 டிகிரி சாய்த்து எடுத்தால் நன்றாகவே வருகிறது. ஜன்னல்களும் இரண்டு பக்கமும் தானாக ஒத்துவரும்.

14 மார்ச் · பதில்

எடுக்கலாம், ஜன்னல் ஒத்துவருவதில் அதுதான் மேல். மூன்று எச்சரிக்கை. ஒன்று, நீளமான தட்டைக் கூரையை ஒரே பக்கம் யு.வி. காட்டிக் காய வைத்தால் வில்லாக வளையும். கழுவி உலர்ந்ததும் நேரான பலகையில் கட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் காய வையுங்கள். இரண்டு, ஸ்டைரீன் சிமெண்ட் ரெசினில் ஒட்டாது. இடுப்புக்கோட்டு இணைப்புக்கு எபாக்ஸி, உள்பக்கம் பித்தளைக் கம்பி முளை நான்கைந்து. இரண்டு வேறு பொருள் சேரும் இடம், வெறும் சூப்பர் குளூவை நம்பினால் பெயிண்டுக்குப் பின் மயிரிழை வெடிப்பு வரும். மூன்று, மழைநீர்த் தாரையைப் பிரிண்டில் சேர்க்க வேண்டாம். அடுக்குக்கோடு போக ராவும்போது அது போய்விடும். ராவி முடித்தபின் தனிக் கீற்றாக ஒட்டுங்கள்.

14 மார்ச் · தாரை பற்றி, தனியாக

பழைய வண்டி என்று கண்ணுக்குச் சொல்வது இந்தத் தாரை. 0.25×0.5 மி.மீ. ஸ்டைரீன் கீற்று. ஏ-பில்லர் அடியிலிருந்து கூரை ஓரமாக டி-பில்லர் வரை ஒரே துண்டு. நடுவில் இணைப்பு வந்தால் பளபளப்பு ஏறியபின் வெளிச்சம் அந்த இடத்தில் உடையும். ஒரு முனையை ஒட்டிக் காயவிட்டு, ஒரு சமயம் 2 செ.மீ. மட்டும், மெல்லிய பிரஷ்ஷால் சிமெண்ட் தொட்டுத் தொட்டு முன்னேறுங்கள். சிமெண்ட் அதிகமானால் கீற்று கரைந்து தட்டையாகிவிடும். எந்தக் கட்டத்திலும் இழுத்து ஒட்டக் கூடாது, இழுத்தது சுருங்கும்போது மூலையில் பிய்யும்.

18 மார்ச் · கதவுக்கோடு

பழைய கோட்டைப் புட்டியால் அடைக்காதீர்கள். புட்டி காய்ந்தபின்னும் பல வாரம் கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அந்த அளவுக்கு உள்ளே இறங்கும். பளபள பெயிண்டுக்குப் பின் பழைய கோடு நிழலாக எழும்பி வரும். 0.25 மி.மீ. ஸ்டைரீன் கீற்றைக் கோட்டுக்குள் செருகி, சிமெண்ட் விட்டு, முழுதாகக் காய்ந்தபின் சீவுங்கள். அதன்பிறகும் ஒரு வாரம் விட்டுவிட்டுத்தான் பிரைமர். எக்ஸ்ட்ரா தின் வைத்த இணைப்புகளுக்கும் இதே கதை, உடனே ராவினால் பிறகு குழியும்.

புதுக்கோட்டுக்குக் கெட்டியான லேபிள் டேப் ஒட்டி, அதன் ஓரமாக ஸ்கிரைபரை அழுத்தாமல் பல முறை இழுப்பது. அசல் வண்டியில் கதவு இடைவெளி 5 மி.மீ. என்றால் மாடலில் 0.2. ஆனால் கீறும்போது அதைவிட ஆழமாகவே கீறுங்கள், பிரைமர், நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) எல்லாம் ஏறி மூடும். அகலத்தைக் கூட்ட வேண்டாம், ஆழம் மட்டும்.

சூப்பர் குளூவால் நிரப்பிய இடம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ராவிக் கோடு கீறிவிடுங்கள். மறுநாள் அது ஸ்டைரீனைவிடக் கடினமாகிவிடும். ஸ்கிரைபர் அந்த இடத்தில் ஏறிக் குதித்து ஓரத்தில் கோடு போட்டுவிடும்.

23 மார்ச் · கேட்டவர்

உள்பகுதி பற்றிச் சொல்லவில்லையே. கிட்டில் இருப்பது ரோல் கேஜும் ஒற்றை ரேஸ் சீட்டும்தான்.

23 மார்ச் · பதில்

ஒன்றும் உதவாது, டாஷ்போர்டின் அடிப்படை வடிவம் தவிர. முன் சீட் ஒன்றைச் செதுக்கி, சிலிக்கான் அச்சு எடுத்து, ரெசினில் இரண்டு வார்த்துக்கொள்ளுங்கள். 240-ன் தலைசாய்ப்பான் தனி முத்திரை, முக்கியமாகச் சன்னல் போல நடுவில் திறந்த சட்டமாக வரும் வகை. உங்கள் வண்டியில் எது என்று படத்தில் பார்த்து அதையே செய்யுங்கள்.

பின்பகுதி: தரை 0.75 மி.மீ. தகடு. இரண்டு பக்கமும் சக்கர மேடு, அதை ஒட்டி உள்சுவர். பின் சீட்டின் முதுகு கண்ணாடி வழியாக நேரே தெரியும் என்பதால் அதற்கு முன்பக்கத்தைவிடக் கவனம் வேண்டும். கம்பளத்துக்கு ஃப்ளாக்கிங் தூள் (பொடி இழை). தரைக்கு அதே நிற மேட் பெயிண்ட் அடித்து, ஈரமாக இருக்கும்போதே சல்லடையால் தூவி, காய்ந்தபின் உதறுங்கள். ஒட்ட வெள்ளைப் பசை பயன்படுத்தினால் தூள் முங்கிக் கட்டியாகும், தண்ணீர் கலந்து மெல்லிதாக்கவும்.

சீட் பெல்ட் அசலில் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, மாடலில் 2 மி.மீ. டாமியா மாஸ்கிங் டேப்பை 2 மி.மீ. கீற்றாக வெட்டி, நிறம் அடித்து, மடிந்து தொங்குகிற மாதிரி வையுங்கள்.

உங்கள் வண்டியில் சாமான் பகுதியில் பின்னோக்கி உட்காரும் குழந்தைகள் சீட் இருந்ததா? இந்த வேகனில் அது விருப்பத் தேர்வாக வந்தது, தரைக்குள் மடங்கிவிடும். இருந்திருந்தால் விரித்த நிலையில் செய்யுங்கள். வீட்டில் இந்த மாடலைப் பார்ப்பவர்களில் யாரோ ஒருவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பின்னால் பார்த்துக்கொண்டே போனவராக இருப்பார்.

24 மார்ச் · கேட்டவர்

இருந்தது. விரித்தே செய்கிறேன்.

30 மார்ச் · கண்ணாடி

ரேஸ் கிட்டின் முன் கண்ணாடி மட்டும் உதவும். பக்கக் கண்ணாடிகளுக்கு 0.25 மி.மீ. தெளிவான பெட்ஜி பிளாஸ்டிக் தகடு. அசல் கண்ணாடி 4–5 மி.மீ. தடிமன், அளவுக்கு ஏறத்தாழ ஒத்துவரும்.

ஆனால் நாம் கட்டிய சுவர் 1 மி.மீ., அதாவது அசலில் 24 மி.மீ. தகடு. கண்ணாடியை உள்பக்கம் ஒட்டினால் கோட்டைச் சுவருக்குள் இருக்கிற மாதிரி ஆழத்தில் தெரியும். ஆகையால் பெயிண்டுக்கு முன்பே ஜன்னல் ஓரங்களை உள்பக்கத்திலிருந்து சரிவாகச் சீவி, விளிம்பில் 0.3 மி.மீ. மட்டும் விடுங்கள். வளைந்த கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும். இந்த ஒரு வேலை மாடலின் தரத்தையே மாற்றிவிடும், ஆனாலும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை அல்லது கண்ணாடிக்கென்று வரும் பசை. சூப்பர் குளூ கூடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். மாடலை மூடியபின் உள்ளே வேறெங்காவது சூப்பர் குளூ ஈரமாக இருந்தாலும் அதே கதிதான்.

பின்கண்ணாடியின் டீஃபாகர் கோடுகளைத் தெளிவான டீகல் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) தாளில் மெல்லிய பழுப்புக் கோடாக அச்சிட்டு உள்பக்கம் ஒட்டலாம். கறுப்பில் போட்டால் ஜன்னல் கம்பி போல இருக்கும்.

6 ஏப்ரல் · நிறம்

ஆல்பத்துப் படத்திலிருந்து நிறம் எடுக்க முடியாது. பழைய பிரிண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வெளுத்திருக்கும். பெயிண்ட் கோட் தெரிந்தால் அதை வைத்துக் கலந்து வாங்குங்கள், பிறகு சிறிய ஸ்டைரீன் துண்டுகளில் மூன்று சாயல் அடித்து வீட்டில் காட்டுங்கள்: கோட் சொல்லும் நிறம், அதில் 5 சதவீதம் வெள்ளை, 10 சதவீதம் வெள்ளை. சிறிய பொருளில் அசல் நிறம் ஒரு படி கறுத்துத் தெரியும், பெரும்பாலும் நடுவில் உள்ளதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

மெட்டாலிக் நிறமென்றால் கார் பெயிண்டை அப்படியே அடிக்காதீர்கள். அதன் மினுக்குத் துகள் இந்த அளவில் சரளைக்கல். மாடலுக்கென்று வரும் நுண்துகள் பெயிண்ட்தான்.

வரிசை: மிஸ்டர் சர்ஃபேசர் 1000 பிரைமர், ராவி, 1500, 2000 கிரிட்டில் ஈரத்தோடு தேய்ப்பு, நிறம் மூன்று மெல்லிய பூச்சு, கிளியர். லாக்கர் கிளியரே இந்த வண்டிக்குப் போதும். டூ-கே (இரண்டு திரவம் கலந்து அடிக்கும்) கிளியர் கண்ணாடி மாதிரி தடிமனாக நிற்கும், குடும்ப வண்டிக்கு அந்தப் பளபளப்பு பொருந்தாது. அதில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் உண்டு, சரியான முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் தொடவும் கூடாது.

6 ஏப்ரல் · நிறத்துக்கு முன் ஒன்று

கிரில், டெயில்கேட் எழுத்துகள் மேடாக வார்த்திருந்தால், நிறம் அடிப்பதற்கு முன்பே அந்த எழுத்தின்மேல் பேர் மெட்டல் ஃபாயில் (மிக மெல்லிய ஒட்டும் உலோகத் தாள்) ஒட்டுங்கள். நிறம் காய்ந்தபின், கிளியருக்கு முன், எழுத்தின் உச்சியை மட்டும் தின்னர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் கீழிருக்கும் வெள்ளி தெரியும். பிரஷ்ஷால் எழுதி இந்தத் துல்லியம் வராது. ஜன்னல் ஓரப் பட்டைகளுக்கு ஃபாயில் கிளியருக்குப் பின். உங்கள் வண்டியில் அந்தப் பட்டை கறுப்பென்றால் டாமியா எக்ஸ்-18 செமி கிளாஸ் கறுப்பு.

11 ஏப்ரல் · இன்னொரு பில்டர்

எங்களுடையது ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் வேகன், பக்கத்தில் மரப்பட்டை ஒட்டியது. அதற்கு டீகலா, பெயிண்டா?

11 ஏப்ரல் · பதில்

பெயிண்ட். அசலில் அது மரமே அல்ல, வினைல் படலம், மூன்று-எம் கம்பெனியின் டை-நாக் வகை. அதாவது தட்டையாக, ஓர் அளவுக்குப் பளபளப்போடு இருக்க வேண்டும். எக்ஸ்எஃப்-57 பஃப் அடித்தளம். காய்ந்தபின் ஆயில் பெயிண்ட் பர்ன்ட் அம்பர் சிறிது, தட்டைப் பிரஷ்ஷை ஏறத்தாழ உலர்த்தி, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு. கதவுக்கோட்டில் நிறுத்தித் தொடங்காதீர்கள், ரேகை தொடர்ந்து ஓட வேண்டும். பல நாள் காயவிட்டு, மேலே எக்ஸ்-26 தெளிவு ஆரஞ்சு மெல்லிதாக. ரேகை தூரத்திலிருந்து தெரிந்தால் அதிகம் என்று பொருள். சுற்றிவரும் வெளிர்ச் சட்டத்துக்கு அரை வட்டக் கீற்று.

அமெரிக்க வேகன் கிட்டுகள் பெரும்பாலும் 1/25. 1/24 வண்டியோடு பக்கத்தில் வைத்தால் 4 சதவீதம் சிறியது. 4790 மி.மீ. வண்டிக்கு 8 மி.மீ. வித்தியாசம். ஸ்டியரிங், கண்ணாடி, வைப்பர் எடுத்துப் போடலாம், பாடித் துண்டுகளைக் கலக்க வேண்டாம்.

15 ஏப்ரல் · சக்கரம், நிற்கும் உயரம்

ரேஸ் கிட்டின் அகல டயரும் பெரிய வீலும் வேண்டாம். 185/70 ஆர் 14 டயரின் வெளி விட்டம் சுமார் 615 மி.மீ., மாடலில் 25.6, அகலம் 7.7. 15 அங்குல அலாய் வீலுக்கு 195/60 போட்டாலும் வெளி விட்டம் அதே 615தான். எனவே டயரின் வெளி அளவு மாறாது, உள்ளே வீல் மட்டும் மாறும்.

பழைய வினைல் டயர் கிட்டிலிருந்து எடுப்பதாக இருந்தால், வீலில் டயர் தொடும் இடத்தில் ஃபாயில் ஒரு சுற்று ஒட்டுங்கள். வினைலில் இருக்கும் எண்ணெய் வருடக் கணக்கில் ஸ்டைரீனை இளக்கும்.

ரேஸ் கிட் தரையோடு தாழ்ந்து நிற்கும்படி செய்தது. அச்சுகளை இடம் மாற்ற வேண்டும். அசலில் 24 மி.மீ. மாடலில் 1 மி.மீ., ஆகவே அரை அரை மி.மீ.யாக வாஷர் வைத்து, பக்கவாட்டுப் படத்தோடு சக்கர வளைவு இடைவெளியை ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். பாரம் சுமந்து பழகிய வேகன்களில் பின் ஸ்பிரிங் தளர்ந்து வால் சற்று இறங்கியிருக்கும். உங்கள் வண்டி அப்படி நின்றிருந்தால் அப்படியே வையுங்கள்.

15 ஏப்ரல் · தொடர்ச்சி

டயரின் அடியில் 0.3 மி.மீ. ராவித் தட்டையாக்கினால் எடை உள்ள வண்டி போல உட்காரும். அதற்கு மேல் ராவினால் பஞ்சர்.

20 ஏப்ரல் · கேட்டவர்

பின் இடப்பக்கக் கதவில் ஒரு ஒடுக்கு இருந்தது. டெயில்கேட் அடியில் துரு. அதெல்லாம் செய்யவா, வண்டி புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படிச் செய்யவா?

20 ஏப்ரல் · பதில்

ஒடுக்கைச் செய்யுங்கள். தயங்கவே வேண்டாம். கம்பெனி விளம்பரத்தில் வந்த வண்டி வேண்டுமென்றால் 1/18-ல் ரெடிமேடாகவே கிடைக்கிறது. நீங்கள் கட்டுவது ஒரே ஒரு வண்டி.

செய்முறை: பிரைமருக்கு முன், கதவின் உள்பக்கத்தை அந்த இடத்தில் மட்டும் 0.3 மி.மீ. வரை குடைந்து மெலிதாக்குங்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, உருண்டை முனை ஸ்டைலஸால் வெளியிலிருந்து மெல்ல அழுத்துங்கள். ஒடுக்குக்குச் சுற்றிலும் உள்ள மடிப்புக்கோடு முக்கியம், வெறும் குழியாக இருந்தால் வார்ப்புக் குறை போலத் தெரியும். உள்பக்கம் எபாக்ஸி தடவி உறுதிப்படுத்துங்கள்.

துருவில் கை அடக்கம் வேண்டும். 2 செ.மீ. துருப் புள்ளி மாடலில் 0.8 மி.மீ. டெயில்கேட் அடிவிளிம்பு, பின் சக்கர வளைவின் உதடு, சில்லின் பின்முனை, இவ்வளவுதான். பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுப்பதைவிட ஊசி முனையால் புள்ளி வைப்பது நல்லது. எனாமல் வாஷ் பயன்படுத்துவதானால் கிளியர் பூசிய இடத்தில் மட்டும். வெற்றுப் பிளாஸ்டிக்கில் இறுக்கம் உள்ள மூலையில் எனாமல் தின்னர் இறங்கினால் பட்டென்று வெடிக்கும்.

வெயிலில் வெளுத்ததைக் காட்ட, கூரைக்கும் பானட்டுக்கும் மட்டும் கிளியரின் பளபளப்பை 6000 கிரிட்டால் தட்டிவிட்டு, பாலிஷ் போடாமல் விட்டால் போதும். பக்கங்களுக்குப் பாலிஷ் போடுங்கள். அந்த வேறுபாடே வயதைச் சொல்லும்.

22 ஏப்ரல் · ஸ்டிக்கர்

பின்கண்ணாடி ஸ்டிக்கர்களுக்கு: அசலில் 5 மி.மீ. எழுத்து மாடலில் 0.2. எந்தப் பிரிண்டரிலும் படிக்க வராது. எழுத்தை விட்டுவிட்டு நிறக் கட்டங்களைச் சரியான இடத்தில் வையுங்கள், கண் படித்துக்கொள்ளும். நம்பர் பிளேட் எழுத்து 7–8 செ.மீ. உயரம், மாடலில் சுமார் 3 மி.மீ., அது தெளிவாகவே வரும். இன்க்ஜெட் டீகலென்றால் தண்ணீரில் போடுமுன் கிளியர் இரண்டு பூச்சு, இல்லையேல் மை ஓடிவிடும்.

29 ஏப்ரல் · கூரைக் கேரியர்

அசல் குழாய் 20 மி.மீ. சுமார், மாடலில் 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி. ஸ்டைரீன் கம்பியில் செய்தால் ஒரு வருடத்தில் தொய்யும். மரக்கட்டையில் காடி வெட்டி, கம்பிகளை அதில் பதித்துச் சால்டர் செய்யுங்கள். நடுக்கம்பியிலிருந்து தொடங்கி வெளியே போனால் சூட்டில் முன்னது கழன்று வராது, ஈரத்துணித் துண்டு ஒன்றைப் பக்கத்து மூட்டில் வைக்கவும். கேரியரின் கால்கள் தாரையைப் பற்றி நிற்கும், கூரைத் தகட்டில் அல்ல. கூரையில் ஓட்டை போட்டு நட்டால் இந்த வண்டியைத் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார்.

3 மே · கேட்டவர்

கடைசியில் எதை முதலில் பொருத்துவது, கண்ணாடியா, உள்பகுதியா?

3 மே · பதில்

முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், பிறகு உள்கூரைக்குத் துணி நிறத் தகடு, பிறகு உள்பகுதி மொத்தமும் கீழிருந்து. வெட்டும்போது ஒட்டிய சதுரக் கட்டைகளை நிறம் அடிக்குமுன் எடுத்துவிட்டு, அதே இடத்தில் சாமான் பகுதித் தரையும் பின் சீட் முதுகும் பாடியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி அளவு வைத்திருக்க வேண்டும். பின்கண்ணாடி எல்லாவற்றுக்கும் கடைசி, வெளியிலிருந்து. அதுவரை அந்தத் திறப்பு வழியாகப் பிரஷ் விட்டுத் தூசியை எடுக்கலாம்.

சேஸியை ஒட்டாதீர்கள். முன்னும் பின்னும் 2 மி.மீ. திருகு ஒன்று ஒன்று போதும். என்றாவது ஒரு சீட் பெல்ட் கழன்று கண்ணாடியில் சாய்ந்து நிற்கும், அப்போது திறக்க வேண்டும். பின் வைப்பர் 0.3 மி.மீ. கம்பி, எக்ஸ்-18 அடித்தது. கண்ணாடி ஒட்டி ஒரு நாள் ஆனபின் கடைசியாகச் செருகுங்கள்.